கலந்தால் குப்பை, பிரித்தால் பொருள்

‘குப்பை’ என்னும் சொல்லை இன்று நாம் இழிபொருளிலேயே வழங்குகிறோம். பழந்தமிழில் அச்சொல் குவியல் என்னும் பொருளிலும் வழங்கிற்று. களத்தில் குவித்த நெல்லும், அளத்தில் குவித்த உப்பும் குப்பை எனப்பட்டன. உழவர் வழக்கில் அது எருவையும் குறிக்கும். ‘வயலுக்குக் குப்பை அடித்தல்’ என்னும் தொடரை நாட்டுப்புறங்களில் இன்றும் கேட்கலாம். உழுவதைக் காட்டிலும் எருவிடுவது நன்று என உழவு அதிகாரத்தில் வள்ளுவர் வலியுறுத்துவதும் இங்கு நினைக்கத்தக்கது. வளத்தைக் குறித்த சொல், விலக்க வேண்டியதைக் குறிக்கும் சொல்லாகச் சுருங்கியது ஏன்? வீட்டுக்குள் வரும் பொருள்கள் மாறினமை ஒரு காரணம். அவற்றையெல்லாம் ஒன்றாகக் கலந்து எறியத் தலைப்பட்டமை அதனினும் பெரிய காரணம். அதனை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முன்னோர் இல்லங்களில்

இரண்டு தலைமுறைகளுக்கு முன்பு தமிழர் இல்லங்களில் வீணாகிய பொருள் மிகச் சிலவே. தேங்காய்ச் சிரட்டை அகப்பையாயிற்று. நார் பாத்திரம் துலக்கவும் கயிறு திரிக்கவும் உதவிற்று. அடுப்புச் சாம்பல் துலக்கும் தூளாயிற்று. அரிசி களைந்த நீர் கழுநீர்த் தொட்டி வழியாக மாட்டின் வயிற்றை அடைந்தது. பாட்டியின் நூற்சேலை பேரனுக்குத் தூளியாகி, பின்னர்க் கைப்பிடித் துணியாகி, இறுதியில் விளக்குத் திரியாக எரிந்து முடிந்தது.

பழைய தாள்களுக்கும் ஒரு வழி இருந்தது. அவற்றை நீரில் ஊறவைத்து, ஊறிய வெந்தயம் சேர்த்து அரைத்து, குடத்தின் புறத்தே அப்பி வெயிலில் காயவைத்து எடுத்தால் உறுதியான கூடை கிடைக்கும். வெந்தயத்தின் பசை தாளைப் பிணைக்கும். அதன் கசப்பு பூச்சியை அண்டவிடாது என்பர். இவற்றைச் செய்தோர் ‘மறுசுழற்சி’ என்னும் சொல்லை அறியார். ஒவ்வொரு பொருளும் அடுத்து எங்கே செல்ல வேண்டும் என்பதை அறிந்திருந்தனர்.

கலத்தலால் விளையும் கேடு

காய்கறித் தோல் மண்ணில் விழுந்தால் உரமாகும். அதே தோல் நெகிழிப் பையில் முடிச்சிட்டு எறியப்பட்டால் காற்றின்றி அழுகி நாற்றமெடுக்கும். நல்ல செய்தித்தாள் மறுபடியும் தாளாகும். குழம்பில் நனைந்த தாள் எவருக்கும் பயன்படாது. ஆக, கேடு பொருளில் இல்லை, சேர்க்கையில் உள்ளது.

இவ்வாறு கலந்த கழிவு ஊர்ப்புறத்தில் மலையாகக் குவிகிறது. குவியலின் உட்புறத்தில் காற்று புகாமையால் மீத்தேன் வாயு உண்டாகிறது. எளிதில் தீப்பற்றும் இவ்வாயு, நூறாண்டுக் கணக்கில் கரியமில வாயுவைப்போல் 25 மடங்குக்கும் மேலாகப் புவியை வெப்பமாக்க வல்லது. மழைநீர் அக்குவியலின் நஞ்சைக் கரைத்துக்கொண்டு நிலத்தடி நீரில் கலக்கிறது. சென்னையில் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தை ஒட்டிய பெருங்குடிக் குப்பைமேடு 2022 ஏப்ரலில் தீப்பற்றிப் பல நாள்கள் புகைந்தது. உலகச் சிறப்புடைய ஈரநிலமாக ராம்சார் பட்டியலில் அச்சதுப்பு நிலம் இடம்பெற்றதும் அதே ஆண்டில்தான் என்பது சிந்திக்கத்தக்கது.

இவற்றினும் கொடியது ஒன்றுண்டு. நாம் கலந்து எறிந்ததை எவரோ ஒருவர் தம் கையால் பிரிக்கிறார். உடைந்த கண்ணாடியும் துருவேறிய ஊசியும் கிழிப்பது அவருடைய விரல்களையே.

மண்ணுக்குரியவை

வீட்டுக் கழிவில் பெரும்பங்கு சமையலறையிலிருந்து வருவது. அதனை மட்கச் செய்தற்குப் பெரிய தோட்டம் வேண்டுவதில்லை. பக்கங்களில் துளையிட்ட மண்தொட்டி ஒன்று போதும். அடியில் தேங்காய் நாரும் காய்ந்த இலையும் பரப்ப வேண்டும். அதன்மேல் காய்கறித் தோல், பழத்தோல், தேயிலைச் சக்கை ஆகியவற்றைச் சிறிதாக நறுக்கி இட்டு, ஒவ்வொரு முறையும் சருகால் மூட வேண்டும். சிறிது சாணக் கரைசலோ புளித்த மோரோ தெளித்தால் நுண்ணுயிர்கள் விரைவில் பெருகும். வாரம் ஒருமுறை கிளறிவிடுதல் நன்று. நாற்றம் எழுந்தால் ஈரம் மிகுந்துவிட்டது என்று பொருள். மேலும் சருகு சேர்க்க வேண்டும். ஏறத்தாழ இரண்டு மாதங்களில் தேயிலைத் தூள் போன்ற கரிய உரம் கிடைக்கும். முதல் மழையில் எழும் மண்வாசனை அதில் எழுமானால் உரம் பக்குவமடைந்தது என அறியலாம்.

இப்பணியில் மண்புழுவின் துணை பெரிது. டார்வின் மண்புழுக்களைப் பற்றித் தனிநூல் எழுதி 1881 இல் வெளியிட்டார். நம் காலத்தில், சென்னைப் புதுக்கல்லூரியில் பேராசிரியராக விளங்கிய முனைவர் சுல்தான் அகமது இஸ்மாயில், நம் மண்ணுக்குரிய மண்புழு இனங்களைக் கொண்டே உரம் ஆக்கும் முறையை ஆய்ந்து உழவர்களிடையே பரப்பினார். கல்லூரி ஆய்வுக்கூடத்தில் பிறந்த அறிவு வயலையும் கொல்லைப்புறத்தையும் சென்றடைந்தமைக்கு இது தக்க சான்றாகும்.

கடைக்குரியவை

தாள், அட்டை, கண்ணாடி, உலோகம், தூய்மையான நெகிழி ஆகியவை காயலான் கடைக்கு உரியவை. காயல்பட்டினத்து வணிகரோடு தொடர்புபடுத்தி இப்பெயருக்கு விளக்கம் கூறுவர். பெயர் எவ்வாறு வந்ததாயினும், இக்கடைகள் செய்துவரும் தொண்டு பெரிது. தாதுவிலிருந்து அலுமினியம் எடுக்கத் தேவைப்படும் ஆற்றலில் ஏறத்தாழ 95 விழுக்காடு, பழைய அலுமினியத்தை உருக்கும்போது மிச்சமாகிறது. கண்ணாடியைத் தரம் குன்றாமல் மீண்டும் மீண்டும் உருக்கலாம். தாளின் இழைகளோ ஒவ்வொரு சுற்றிலும் குறுகுவதால் சில சுற்றுகளுக்கே தாங்கும். எனவே, ஒருபுறம் எழுதிய தாளின் மறுபுறத்தையும் எழுதி நிரப்பிய பின்னரே கடைக்கு அனுப்புதல் மாணவர்க்கு அழகு.

மறுசுழற்சிக்கு எளிதில் இணங்காத மெல்லிய நெகிழிக்கும் மதுரையில் ஒரு வழி பிறந்தது. தியாகராசர் பொறியியல் கல்லூரிப் பேராசிரியர் இரா. வாசுதேவன், துண்டாக்கிய நெகிழியைச் சூடான சல்லிக் கற்களின்மேல் உருகிப் படியச் செய்து, பின்னர்த் தார் கலந்து சாலை அமைக்கும் முறையைக் கண்டார். 2018 இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது.

ஆயினும், எல்லா மறுபயன்பாடும் நன்றன்று. பூச்சிமருந்தும் வண்ணப்பூச்சும் இருந்த கலங்களில் உணவுப் பொருள் வைத்தல் உயிருக்கே ஊறு செய்யும். நெகிழிப் புட்டியைப் பூந்தொட்டி ஆக்குவது நல்ல கைவேலை. ஆனால் வாங்காது விட்ட புட்டியே அதனினும் நன்று. குறைத்தல், மீளப் பயன்படுத்தல், மறுசுழற்சி என்னும் வரிசை இதனாலேயே அமைந்தது. தமிழக அரசு 2019 சனவரி 1 முதல் ஒருமுறை பயன்படுத்தும் நெகிழிப் பொருள்கள் பலவற்றைத் தடைசெய்ததும், 2021 இல் ‘மீண்டும் மஞ்சப்பை’ இயக்கத்தைத் தொடங்கியதும் இவ்வரிசையின் முதற்படியை நோக்கியே.

தனித்து வைக்க வேண்டியவை

மின்கலம், விளக்குக் குழல், காலாவதியான மருந்து, ஊசி முதலியவற்றை எதனோடும் சேர்த்தல் கூடாது. உடைந்த கண்ணாடியைத் தாளில் சுற்றிக் குறியிட்டுக் கொடுக்க வேண்டும். மட்குவன, மட்காதன, வீட்டுத் தீங்குக் கழிவு என மூவகையாகப் பிரித்துக் கொடுப்பதை 2016 ஆம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகள் இல்லத்தாரின் கடமையாக்கின. நெகிழியைத் தெருவில் கொளுத்துதல் அறவே தவிர்க்கத்தக்கது. சிலவகை நெகிழிகளின் புகையில் டையாக்சின் என்னும் கொடிய நஞ்சு உண்டு.

சட்டமும் அரசும் ஊராட்சியும் செய்ய வேண்டியவை பலவாயினும், முதற்பிரிப்பு நிகழ வேண்டிய இடம் நம் அடுக்களையே. கலந்தபின் நூறு கைகள் முயன்றாலும் முழுதும் பிரித்தல் அரிது. கலக்குமுன் பிரித்தற்கு ஒரு நொடி போதும். அந்த ஒரு நொடியை நாம் மிச்சப்படுத்தும்போதெல்லாம், முகமறியா ஒருவரின் கைக்கு அவ்வேலையைத் தள்ளிவிடுகிறோம். நாளை விடியலில் குப்பை வண்டியின் மணி கேட்கும்போது, இரண்டு கலங்களோடு வாயிலில் நிற்பது மாணவர் ஒவ்வொருவரும் தம் இல்லத்தில் தொடங்கத்தக்க நற்பணியாகும்.