சேலத்துத் தட்டுவடை செட் நமத்துப் போகாமல் இருக்க...

சேலம் என்றதும் மாம்பழம் நினைவுக்கு வரும். ஆனால், மாலை நேரத்தில் அங்கே தள்ளுவண்டிகளைச் சுற்றிக் கூட்டம் நிற்பது வேறொரு பண்டத்துக்காக. அதுதான் தட்டுவடை செட்!

இரண்டு தட்டுவடைகள். நடுவில் துருவிய காரட், பீட்ரூட், பொடியாக நறுக்கிய வெங்காயம். ஒரு வடையில் சிவப்புச் சட்னி. மற்றதில் பச்சைச் சட்னி. இதுதான் செட். சேலத்திலிருந்து 1997-ல் பிரிந்து தனி மாவட்டமான நாமக்கல் பக்கத்திலும் இதற்குக் கிராக்கி உண்டு.

மேல்நாட்டில் 'சாண்ட்விச்' என்கிறார்களே, அதுவும் இதே வகைதான். 18-ம் நூற்றாண்டில் வாழ்ந்த சாண்ட்விச் பிரபுவின் பெயர் அதற்கு அமைந்தது. அங்கே ரொட்டி, இங்கே தட்டுவடை!

வெடிக்கும் வடை

வீட்டில் செய்தால் செட் நமத்துப் போகிறது என்பது பலருடைய குறை. காரணம் ஒன்றே: ஈரம்.

2 கப் அரிசி மாவு, 2 கரண்டி வறுத்து அரைத்த உளுத்த மாவு, ஊறிய கடலைப்பருப்பு சிறிது, மிளகாய்த்தூள், கறிவேப்பிலை, உப்பு, கொஞ்சம் வெண்ணெய். இவற்றைக் கெட்டியாகப் பிசையுங்கள். பருப்பின் தண்ணீரை நன்றாக வடித்துவிட வேண்டும். சிறு உருண்டைகளாக்கி, துணியின் மேல் மெல்லிதாகத் தட்டுங்கள்.

தட்டிய வடையில் முள்கரண்டியால் அங்கங்கே குத்துங்கள். இதை மறக்கவே கூடாது! உள்ளே அடைபட்ட ஈரம் ஆவியானால், வடை வெடித்துக் கொதிக்கும் எண்ணெய் முகத்தில் தெறிக்கும். அடுப்பருகே குழந்தைகளை விடாதீர்கள்.

மிதமான தீயில் பொரியுங்கள். 'சடசட' சத்தம் அடங்கினால் ஈரம் போய்விட்டது என்று பொருள். அப்போது எடுங்கள்.

சட்னி கெட்டியாக இருக்கட்டும்

காய்ந்த மிளகாய், பூண்டு, தக்காளி சேர்த்து அரைத்தால் சிவப்புச் சட்னி. கொத்தமல்லி, புதினா, பச்சை மிளகாய், புளி சேர்த்தால் பச்சைச் சட்னி. இரண்டிலும் தண்ணீர் அதிகம் வேண்டாம்.

துருவிய காய்கறியைக் கையால் பிழியுங்கள். சாற்றைச் சப்பாத்தி மாவில் சேர்த்தால் வீணாகாது. உப்பு காயிலுள்ள நீரை வெளியே இழுக்கும். ஆகவே உப்பைக் கடைசியில் தூவுங்கள். சாப்பிட உட்கார்ந்த பிறகே செட்டை அடுக்குங்கள்.

பாட்டிக்கு என்ன வழி?

பல் இல்லாத பெரியவர்களால் தட்டுவடையைக் கடிக்க முடியாது. அவர்களை விட்டுவிட்டு மற்றவர்கள் மட்டும் சாப்பிடலாமா?

இரண்டு ரொட்டித் துண்டுகளின் உட்புறம் அதே சட்னிகளைத் தடவுங்கள். அவர்களுக்கென்று காரம் குறைத்து அரைப்பது நல்லது. மசித்த உருளைக்கிழங்குடன் காய்கறியை வேகவைத்துக் கலந்து நடுவில் வையுங்கள். வெளிப்புறம் நெய் தடவித் தோசைக்கல்லில் போடுங்கள். மேலே அடி தட்டையான, கனமான பாத்திரத்தால் அழுத்துங்கள். சிறு தீயில் இரண்டு நிமிடம். திருப்பிப் போட்டு மேலும் இரண்டு நிமிடம்.

மேற்புற ஈரம் ஆவியாகி, ரொட்டி பொன்னிறமாகும். உள்ளே மெத்தென்று இருக்கும். சூடு சற்று ஆறியதும் கொடுங்கள். பாட்டிக்கும் சேலத்து ருசி கிடைக்கும்!