கொக்கலைக் களப்பில் எழும் பழைய விமானத் துறை

பெல்மதுளைச் சந்தியில் நிற்கும் எவருக்கும் கடலின் நினைவு எளிதில் வாராது. இரத்தினபுரியிலிருந்து பலாங்கொடைக்குச் செல்லும் பெருவீதியிலிருந்து எம்பிலிப்பிட்டிய வழியாக நோனாகமவுக்குச் செல்லும் வீதி பிரிகின்ற இடம் அது. மாணிக்க வியாபாரமும், இறப்பர்ப் பாலும், தேயிலைக் கொழுந்தும், பஸ் வண்டிகளின் இரைச்சலுமே அவ்வூரின் அன்றாட வாழ்வு. சிவனொளிபாத மலையின் யாத்திரைப் பருவம் முடிந்ததும் சமன் தெய்வத்தின் திருவுருவம் வந்து தங்குகின்ற கல்பொத்தாவலை விகாரையும் இங்கேதான் இருக்கிறது. தென்கடற்கரையிலுள்ள கொக்கலையோ ஆகாய வழியே நேராக அளந்தாலும் இங்கிருந்து ஏறத்தாழ 75 கிலோமீற்றர் தொலைவில் உள்ளது. அந்தக் கொக்கலையின் போர்க்கால நீர்விமானத் தளம், இவ்வூரை அடுத்த ஒரு தோட்டத்தில், உயர்தர வகுப்பு மாணவன் ஒருவனின் கணினித் திரையிலே மீண்டும் எழுந்துகொண்டிருப்பதை அண்மையில் நாம் கண்டோம்.

விமானம் ஓட்டுவதைக் கணினியில் பாவனை செய்து பார்க்கும் விளையாட்டு இன்று பிள்ளைகளுக்குப் புதிதன்று. மைக்ரோசொப்ட் நிறுவனம் அதனை முதன்முதல் வெளியிட்டது 1982ஆம் ஆண்டில். அன்று மலையென்றால் சில கோடுகள், நகரமென்றால் சில பெட்டிகள். 2020இல் வெளியான பதிப்பிலோ உலகம் முழுவதும் செய்மதிப் படங்களால் போர்த்தப்பட்டிருந்தது. அப்படத்தின் கீழே மேடுபள்ளங்களைக் காட்டும் உயர அளவீடு வேண்டும். இத்தகைய அளவீடுகளில் பெயர்பெற்ற ஒன்று, 2000ஆம் ஆண்டு பெப்ரவரியில் எண்டவர் விண்ணோடம் பதினொரு நாள் பூமியைச் சுற்றிவந்து றேடார் கொண்டு எடுத்தது. ஏறத்தாழ 30 மீற்றருக்கு ஒரு புள்ளியாக நிலத்தின் உயரம் அதில் பதிவாயிற்று. இவ்வளவு இடைவெளியில் அளந்தால் பரந்த மலை பரந்த மலையாகவே வரும். சிவனொளிபாதம் போன்ற கூரிய சிகரம் சற்று மழுங்கித்தான் தோன்றும்.

படமும் உயரமும் கிடைத்துவிட்டால் எஞ்சிய கட்டடங்களைக் கணினி தானாகவே ஊகித்து நட்டுவிடும். ஊகம் எப்போதும் சரியாவதில்லை. அம்மாணவன் முதன்முதலாகத் தன் தோட்டத்தின் மேலே பறந்து பார்த்தபொழுது லயன்களைக் காணவில்லையாம். தகரக் கூரையின்கீழ் பத்து, பன்னிரண்டு அறைகள் ஒட்டி நிற்கும் நீண்ட லயத்துக்குப் பதிலாக, சிறு தோட்டம் சூழ்ந்த அழகிய தனி வீடுகள் சில அங்கே நின்றன! "இவ்வளவு சுலபமாக வீடு கட்டித் தருகிறார்களே" என்று அவனுடைய பாட்டியார் நகைத்தாராம். அவ்வீடுகளை அகற்றிவிட்டு லயன்களை ஒவ்வொன்றாக வரைந்து வைத்ததே இக்கலையில் அவன் பயின்ற முதற் பாடம். அதன் பின்னரே கொக்கலையின் மேல் அவன் கண் சென்றது.

கொக்கலைக்கு அப்படி என்ன சிறப்பு என்று வாசகர்கள் வினவலாம். கடலுக்கும் களப்புக்கும் இடையே ஒடுங்கிய நிலத்துண்டு. அதன்மேல் காலி வீதியும் புகையிரதப் பாதையும். உட்புறத்தில் ஏறத்தாழ 7 சதுர கிலோமீற்றர் பரப்பில், சிறு தீவுகள் கிடக்கும் அமைதியான நீர். வெளியே தென்மேல் பருவக்காற்றில் கடல் கொந்தளிக்கும்போதும் உள்ளே நீர் அடங்கியிருக்கும். நீரிலிருந்தே எழுந்து நீரிலேயே இறங்கும் பறக்கும் படகுகளுக்கு இதனினும் நல்ல இடம் வேறில்லை. 1942 பெப்ரவரி 15இல் சிங்கப்பூர் வீழ்ந்தபின், இந்து சமுத்திரத்தைக் காவல் செய்யும் பொறுப்பில் பெரும்பகுதி இக்களப்பின்மேல் வந்து விழுந்தது.

அவ்வாண்டு ஏப்ரில் 4ஆம் தேதி கனேடிய விமானி லெனார்ட் பேர்ச்சோல் இங்கிருந்து கட்டலினா வகை விமானமொன்றில் புறப்பட்டார். அவருடைய படைப்பிரிவு கொக்கலைக்கு வந்து சேர்ந்து அப்போது சில நாட்களே ஆகியிருந்தன. மாலைப் பொழுதில், இலங்கைக்குத் தென்கிழக்கே 350 மைலுக்கு அப்பால், யப்பானியரின் விமானந்தாங்கிக் கப்பல்கள் அணிவகுத்து வருவதைக் கண்டு வானொலியில் செய்தி அனுப்பினார். அனுப்பிக்கொண்டிருக்கும்போதே விமானம் சுட்டு வீழ்த்தப்பட்டது. அதிலிருந்த ஒன்பது பேரில் அறுவர் உயிருடன் சிறைப்பட்டனர். மறுநாள் ஈஸ்டர் ஞாயிறு. கொழும்பின்மேல் குண்டு விழுந்தது. ஆனால் நகரும் துறைமுகமும் செய்தி அறியாது உறங்கியிருக்கவில்லை. போர் முடியும்வரை சிறையிலிருந்து மீண்ட பேர்ச்சோல் 2004இல்தான் காலமானார்.

எமக்கு இதனினும் விந்தையாகத் தோன்றுவது வேறொன்று. சிங்கப்பூர் போனபின் இந்தியாவுக்கும் அவுஸ்திரேலியாவுக்கும் இடையிலான ஆகாயப் போக்குவரத்து அறுந்துவிட்டது. அதனை ஒட்டவைக்க, குவாண்டாஸ் நிறுவனம் 1943 நடுப்பகுதியில் பேர்த் நகரின் சுவான் ஆற்றிலிருந்து கொக்கலைக் களப்புக்கு எங்கும் இறங்காது பறக்கும் சேவையைத் தொடங்கிற்று. தூரம் ஏறத்தாழ 5,650 கிலோமீற்றர். கட்டலினாவோ மணிக்கு 200 கிலோமீற்றர் அளவில் ஊர்ந்து செல்வது. ஆகவே ஒரு பயணத்துக்கு 27 முதல் 33 மணி நேரம் பிடித்தது. விமானத்தில் இருப்போர் இரண்டு சூரியோதயங்களைக் கண்டமையால் அதற்கு 'இரட்டை உதயம்' என்ற பெயர் நிலைத்தது. எரிபொருளின் பாரத்தால் மூன்று பயணிகளுக்கு மேல் ஏற்ற இயலவில்லை. எதிரி கேட்டுவிடக் கூடாதென்று வானொலி மௌனம். திசையறிய விண்மீன்களே துணை. சேவையிலிருந்த ஐந்து விமானங்களுக்கும் விண்மீன்களின் பெயர்களையே சூட்டியிருந்தார்கள். ஸ்பைக்கா, அன்டாரிஸ், அல்ட்டேர், வேகா என்ற அவற்றுள் நான்கு, நம் பஞ்சாங்கம் முறையே சித்திரை, கேட்டை, திருவோணம், அபிசித்து என்று கூறும் அதே மீன்கள்தாம். ஐந்தாவது ரைஜல். 1945 யூலை வரை 271 தடவை இக்கடல் கடக்கப்பட்டது; ஒரு விமானமேனும் தொலையவில்லை.

இப்பயணத்தைத் திரையில் முழு நேரமும் ஓட்டிப் பார்க்க வேண்டுமென்பது மாணவனின் ஆசை. பள்ளி விடுமுறை வரட்டும் என்று தாயார் கூறிவிட்டார்.

தளத்தை அமைக்கும் வேலைக்கு வருவோம். முதற் சிக்கல் நீர்தான். செய்மதிப் படத்தில் களப்பு வெறும் நிறமாகவே கிடக்கிறது. அது நீரென்று கணினிக்குக் கரையை வரைந்து காட்ட வேண்டும். இல்லையேல் விமானம் பச்சைத் தரையில் மோதி உடையும். அடுத்து, நீர்மேல் ஓடுபாதையின் திசையைக் குறிக்க வேண்டும். தீவுகளுக்கு இடையே, பாரமேறிய கட்டலினா எழுவதற்குப் போதிய நீளம் எங்கே கிடைக்கும் என்று தேடியபோதே, அக்காலத்து விமானிகளின் கவலை தனக்கு விளங்கிற்று என்கிறான் அவன்.

பறக்கும் படகின் அடிப்பாகத்தில் படி போன்ற ஒரு வெட்டு உண்டு. வேகம் ஏற ஏற, படகு நீரைக் கிழிப்பதை விட்டு அப்படியின்மேல் சறுக்கத் தொடங்கும். அப்போதுதான் நீரின் பிடி தளரும். நீர் கண்ணாடிபோல் அசையாதிருந்தால் பிடி எளிதில் விடாது. அத்தகைய வேளையில் இயந்திரப் படகொன்றை முன்னே ஓடவிட்டுச் சிற்றலை எழுப்புவது வழக்கம். இவற்றையெல்லாம் அறிந்தபின் அவன் தன் களப்பில் சிறிது காற்றை வீசச் செய்திருக்கிறான். விமானங்களைக் கட்டிவைக்கும் மிதவைகள், பழுது பார்க்கக் கரைக்கு இழுத்தேற்றும் சரிவுத்தளம், அதற்காக அடியில் பூட்டும் தற்காலிகச் சக்கரங்கள் ஆகிய யாவும் பழைய புகைப்படங்களைப் பார்த்துச் செய்யப்பட்டவை. கட்டலினாவின் இறக்கை நுனி மிதவைகள் பறக்கும்போது மேலே மடிந்து இறக்கையோடு இறக்கையாகிவிடும். அந்த அசைவுக்கு மாத்திரம் இரண்டு வாரம் சென்றதாம்.

இரண்டாஞ் சிக்கல் காலம். செய்மதிப் படம் இன்றைய கொக்கலையையே காட்டுகிறது. 1991இல் அமைந்த ஏற்றுமதி வலயத்தின் தொழிற்சாலைகளையும் கடற்கரை விடுதிகளையும் அழித்துத் தென்னை நட வேண்டும். அழித்தான், நட்டான். 1943ஆம் ஆண்டுத் தளம் திரையில் ஒருவாறு உருப்பெற்றது. அப்போதுதான் அவனுடைய ஆசிரியர் ஒருவர், "தளம் வருமுன் அங்கே என்ன இருந்தது?" என்று கேட்டார்.

அங்கே ஒரு கிராமம் இருந்தது. படையினர் தளம் அமைக்க வேண்டுமென்று நிலத்தை எடுத்துக்கொண்டபோது மக்கள் வீடுவாசலை விட்டு அகன்றனர், வீடுகள் இடிக்கப்பட்டன. சிங்கள இலக்கியத்தின் பேராசான் மார்ட்டின் விக்கிரமசிங்க 1890இல் பிறந்த ஊர் அதுவே. அவர் பிறந்த வீடு மாத்திரம் தப்பியது. இன்று அது அரும்பொருட்சாலையின் ஒரு பகுதி. தம் பிள்ளைப் பருவத்துக் கொக்கலையை 'அபே கம' என்ற நூலில் அவர் 1940இல் எழுதிவைத்தார். 'கம்பெரலிய' நாவல் 1944இல் வெளிவந்தபோது, அது பிறந்த மண்ணில் விமானங்களுக்கு எண்ணெய் நிரப்பிக்கொண்டிருந்தார்கள். நம் பிள்ளைகளும் அறிந்த 'மடோல் தூவ' கதையின் தீவு இக்களப்பில்தான் கிடக்கிறது.

எந்த ஆண்டை வைத்துக்கொள்வது என்று அவன் பல நாள் திகைத்திருந்தான். 1943ஐ எடுத்தால் பேர்ச்சோலின் துறையும் இரட்டை உதயமும் உண்டு, ஊர் இல்லை. அதற்கு முன்னைய ஆண்டை எடுத்தால் ஊர் உண்டு; எழுவதற்கு விமானம் இல்லை. விமான ஆர்வலர்கள் தேடுவது தளத்தைத்தான்; கிராமத்தை இறக்கிப் பார்க்க எவர் வருவார் என்று நண்பர்கள் கேட்டார்கள். அக்கேள்வியில் நியாயம் இல்லாமலில்லை. ஆயினும் தன் லயத்துக்குப் பதிலாக வேறு வீடுகள் நின்றதைப் பார்த்த கண்கள் அவனுடையவை.

நாம் சென்ற அன்று அவன் இரு கோப்புகளைத் தனித்தனியே திறந்து காட்டினான். ஒன்றில் சரிவுத்தளமும் மிதவைகளும் கட்டலினாக்களும். மற்றொன்று பெரும்பாலும் வெறுமை: களப்பு, வீதி, புகையிரதப் பாதை, தென்னைகள், ஓட்டுக் கூரையுடன் ஒரேயொரு வீடு. அருகில், நூலகத்திலிருந்து இரவல் வாங்கிய 'அபே கம' விரித்துக் கிடந்தது. தோட்டத்துத் தமிழ்ப் பிள்ளையாயினும் அவனுக்குச் சிங்களம் நன்றாக வாசிக்க வரும். வீடுகள், ஒழுங்கைகள், கிணறுகள் என்று நூலில் வருமிடங்களிலெல்லாம் பென்சிலால் துண்டுக் காகிதத்தில் குறித்து வருகிறான். "இரண்டாவது கிணறு எங்கே என்றுதான் தெரியவில்லை, அடுத்த மாதம் கொக்கலைக்குப் போய் வயதானவர்களைக் கேட்க வேண்டும்" என்றான்.

நோனாகம வழியாகப் போனால் பஸ் மாற வேண்டும். அதற்கான செலவைத் தகப்பனார் தருவதாக ஒப்புக்கொண்டிருக்கிறார்.