தருமகர்த்தாவும் சமாதானத் தீர்வும்

கோயிற் சொத்தைத் தருமகர்த்தா ஆளுகின்றார். எனினும் அச்சொத்து அவருடையதன்று. பிறர் நன்மைக்காகவே அவர் அதனைத் தாங்கி நிற்கின்றார். ஆதலின், அது பற்றிப் பிணக்கு எழுமிடத்து, நீதிமன்றம் செல்லாது அதனைத் தீர்க்க அவருக்கு எத்துணை அதிகாரம் உண்டு என்பது ஆராயத்தக்கதாம்.

வேலணைத் தீவின் சாட்டிக் கரையை அண்டி ஒரு கோயில் உளதென எடுத்துக்காட்டாகக் கொள்க. கோயிலின் பனங்காணியைக் குத்தகைக்கு எடுத்தவர் மூன்றாண்டுப் பணத்தைச் செலுத்தவில்லை. வழக்காடினாற் செலவு மிகும். நித்திய பூசைக்குரிய பணமே வழக்கிற் கரையும். இந்நிலையில், ஒரு பகுதியைப் பெற்று மிகுதியை விட்டுக்கொடுத்தலும், நடுவரிடம் ஒப்புவித்தலும் தருமகர்த்தாக்களுக்கு ஆகும். தனியார் நம்பிக்கைப் பொறுப்புக்கள் பற்றிய 1882 ஆம் ஆண்டு இந்தியச் சட்டத்தின் 43 ஆம் பிரிவு இவ்வதிகாரத்தை விதந்து கூறுகின்றது. அச்சட்டத்தைப் பெரிதும் தழுவி எழுந்ததே இலங்கையின் 1917 ஆம் ஆண்டு 9 ஆம் இலக்க நம்பிக்கைப் பொறுப்புக் கட்டளைச் சட்டம். இருவரோ பலரோ கூடிச் செயற்படல் வேண்டும், நல்லெண்ணம் வேண்டும், தருமசாசனம் அதனை விலக்கியிருத்தலாகாது. இவை அமையின், பின்னர் நட்டம் நேரினும் அவர்மேற் பழியில்லை.

தருமகர்த்தா பதவி எவருக்கு உரியது, கணக்குக் காட்டாதவரை நீக்கலாமா என்னும் பிணக்குக்களோ வேறு வகையின. அங்கே தருமகர்த்தா தாமே ஒரு கட்சியினர். தம் வழக்கிற்குத் தாமே தீர்ப்புக் கூறல் முறையன்று. ஆயினும் சமாதானத்துக்கு வழி அடைபடவில்லை. இலங்கைச் சட்டத்தின் 102 ஆம் பிரிவின்படி, சமய நம்பிக்கைப் பொறுப்பொன்றில் அக்கறையுடைய ஐவர் மாவட்ட நீதிமன்றில் வழக்கிடலாம். அதற்கு முன்னர் அவர்கள் அரசாங்க அதிபரிடம் விண்ணப்பித்தல் வேண்டும். அவர் நியமிக்கும் ஆணையாளர் விடயத்தை விசாரித்து, அது நீதிமன்றின் கவனத்துக்கு உரியதென்றும், இணக்கம் காண முடியவில்லை என்றோ, கண்ட இணக்கத்தை நிறைவேற்ற நீதிமன்றின் துணை வேண்டும் என்றோ அறிக்கையிடல் வேண்டும். இணக்க முயற்சியையே வழக்கின் வாயிலாகச் சட்டம் அமைத்திருத்தல் இங்கே நோக்கற்பாலது.

நீதிமன்று நிருவாகத் திட்டம் வகுக்குங்கால், 106 ஆம் பிரிவின்படி, தருமசாசனத்தையும், சமூகத்தின் சமய வழக்கத்தையும், அவ்விடத்து நடைமுறையையும் கருத்திற்கொள்ளும். ஊர்ப் பெரியோர் முன்னிலையில் இணக்கம் எழுதுவோரும் இம்மூன்றையும் எதிரே வைத்து எழுதுதல் நன்று. வரவேண்டிய பணத்திற் சிறிது விட்டுக்கொடுத்தல் தருமகர்த்தாவின் அதிகாரத்துள் அடங்கும். தருமத்தின் நோக்கத்தையே விட்டுக்கொடுத்தல் ஒருபோதும் அடங்காது.