இரண்டு இணைப்பும் அளவுள்ள டேட்டாவும்

கார் சாகுபடி தொடங்கும் நாட்களில் தென்காசி வட்டாரத்துச் சங்கங்களில் உரத்துக்கு வரிசை நீள்வது வழக்கம். 2018 முதல் மானிய உரம், வாங்குவோரின் அடையாளத்தை இயந்திரத்தில் சரிபார்த்த பின்னரே வழங்கப்படுகிறது. 2022 ஜூனில், 63,000 தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கங்களைக் கணினிமயமாக்க 2,516 கோடி ரூபாய்த் திட்டத்துக்கு மத்திய மந்திரிசபை ஒப்புதல் அளித்தது. நெசவாளர் சங்கங்களோ ஜி.எஸ்.டி. படிவத்தைக் கெடு நாளுக்குள் இணையத்தில் ஏற்றியாக வேண்டும். தவறினால் தாமதக் கட்டணம். ஆகவே இணைப்பு நின்றால் வேலையும் நிற்கிறது. ஒரு நாள் கூலியை விட்டு வந்த அங்கத்தினர் வெறுங்கையுடன் திரும்புகிறார்.

இதற்கு அஞ்சி இரண்டு இணைப்புகள் வைத்துக்கொள்ளும் காரியாலயங்கள் உண்டு. வைத்துக்கொண்டால் மட்டும் போதாது. இரண்டிலும் டேட்டாவுக்கு அளவு உண்டு. அளவு தீர்ந்தால் பல மொபைல் திட்டங்களில் வேகம் விநாடிக்கு 64 கிலோபிட்டாக இறங்கிவிடும். அப்போது ஒரு மெகாபைட் படிவம் ஏறவே இரண்டு நிமிஷத்துக்கு மேல் ஆகும்.

அளவிலும் இரண்டு வகை உண்டு என்பதை முதலில் உணர வேண்டும். நாள் அளவு நள்ளிரவோடு தீர்ந்துபோகும். அது மறுகால் பாய்ந்துவிடும் நீர். மாத அளவு குளத்தில் நிற்கும் நீர். நாளொன்றுக்கு 2 ஜிபி தரும் ஓர் இணைப்பும், மாதம் 100 ஜிபி தரும் மற்றோர் இணைப்பும் உள்ளதாகக் கொள்வோம். காரியாலயத்தின் தேவை நாளுக்கு 5 ஜிபி. வேலை நாள் 25. எல்லாவற்றையும் மாத இணைப்பிலேயே நடத்தினால் இருபதாம் நாளே அது வறண்டுவிடும். நாள்தோறும் 2 ஜிபி வீணாகியும் இருக்கும். நாள் அளவை முதலில் செலவிட்டு மீதி 3 ஜிபியை மட்டும் மாத அளவிலிருந்து எடுத்தால், மாதக் கடைசியில் 25 ஜிபி கையிருப்பில் நிற்கும். கால்வாயில் முறை வைத்துத் தண்ணீர் பாய்ச்சுகிற நம் விவசாயிகளுக்கு இக்கணக்கை விளக்கவும் வேண்டுமோ?

இப்பங்கீட்டைச் செய்வது இரு இணைப்பு ஏற்கும் ரௌட்டர். இரண்டுக்கு மூன்று என்று அதில் விகிதம் குறிக்கலாம். ஆனால் பல ரௌட்டர்கள் பங்கிடுவது டேட்டாவின் எடையை அன்று, தொடர்புகளின் எண்ணிக்கையையே. ஒரு தொடர்பில் கடிதம் போகும். மற்றொன்றில் சினிமாவே இறங்கும். எனவே வாரம் ஒருமுறை செலவைப் பார்த்து விகிதத்தை மாற்ற வேண்டும். இரண்டு இணைப்பும் சேர்ந்து ஒரே வேலைக்கு இரட்டை வேகம் தரும் என்று எண்ணுவதும் தவறு. ஒரு தொடர்பு ஒரு வழியில்தான் செல்லும். பாங்கிக் கணக்கைத் திறந்திருக்கையில் வழி இடையில் மாறினால், பாங்கி நம்மை வெளியேற்றிவிடக்கூடும். பாங்கி வேலைக்கும் உர இயந்திரத்துக்கும் ஒரே வழியை நிலையாக ஒதுக்கி, அது அறுந்தால் மட்டும் மற்றதற்கு மாறும்படி விதி எழுதுவதே முறை.

இங்கே ஒரு கண்ணி உண்டு. அளவு தீர்ந்து நத்தையாய் ஊரும் இணைப்பு அறுந்த இணைப்பு அன்று. ரௌட்டர் கேட்டால் அது பதில் சொல்லும். ஆகையால் ரௌட்டர் அதற்கும் வேலையை அனுப்பிக்கொண்டே இருக்கும். அளவை எண்ணி, எல்லை வந்ததும் தானே வழி மாற்றும் வசதி உள்ளதா என்று கேட்டு வாங்குவது நன்று.

நம் பகுதிக்குத் தனியானதொரு தொல்லையும் உண்டு. கார் சாகுபடியும் குற்றாலச் சீசனும் ஜூனில் சேர்ந்தே வருகின்றன. மொபைல் கோபுரத்தின் கொள்திறன் அதன் எல்லைக்குள் உள்ள அனைவருக்கும் பொது. அருவிக்கு வந்த கூட்டம் படம் அனுப்பத் தொடங்கினால் டேட்டா மீதமிருந்தும் வேகம் குன்றும். குற்றாலத்துக்கு அண்மையிலுள்ள சங்கங்கள் அவ்வாரங்களில் உர விற்பனையைக் கம்பிவழி இணைப்புக்கு மாற்றிக்கொள்ளலாம். கம்பி எட்டாத இடங்களில் வெவ்வேறு கம்பெனிகளின் சிம் இரண்டு வைத்துக்கொள்வது உத்தமம்.

கணினிகள் தாமே இறக்கிக்கொள்ளும் புதுப்பிப்புகள் பகலில் டேட்டாவை உண்பவை. விண்டோஸில் ‘அளவுள்ள இணைப்பு’ என்று குறித்துவிட்டால் அவற்றில் பெரும்பாலானவை காத்திருக்கும். மாலையில் கதவடைக்குமுன், அன்றைய நாள் அளவில் மீந்ததைக் கொண்டு அவற்றை இறக்கிவிடலாம்.