பனியில் ஓடும் ஸ்பிரிங் பட்டை

நாமக்கல்லில் ஒரு லாரிப் பட்டறை. பாடி கட்ட வந்த வெறும் வண்டி ஒன்று ஓரமாக நிற்கிறது. அதன் பின்சக்கரத்துக்கு மேலே இருந்த ஸ்பிரிங் பட்டையைத் தட்டிக் காட்டினார் மிஸ்திரி. "வில்லா வளைஞ்சு நிக்குது பாருங்க. லோடு ஏறுச்சுன்னா படுத்துக்கும், எறக்கிட்டா எந்திரிச்சுக்கும். அது படுத்து எந்திரிக்கிறதாலதான் வண்டி ஓடுதுங்க."

நான் அங்கே போனது என் அக்கா மகள் கேட்ட ஒரு கேள்விக்காக. சேலத்தில் பொறியியல் படிக்கும் அவள், செமஸ்டர் விடுமுறையில் கல்லூரித் தோழிகளோடு இமயமலையில் இருக்கும் அவுலிக்குப் பனிச்சறுக்குக் கற்கக் கிளம்பிக்கொண்டிருந்தாள். "ஒரு பலகையைக் காலில் கட்டிக்கிட்டு சறுக்குறதுக்கு ஏழு நாள் வகுப்பு எதுக்கு மாமா?" என்றாள். ஸ்கீயைப் படத்தில் மட்டும் பார்த்தவர்கள் யாருக்கும் எழும் கேள்விதான். அது வெறும் பலகை இல்லை, மனிதனின் எடைக்கென்று செய்த ஸ்பிரிங் பட்டை என்பதுதான் அதற்கான பதிலின் தொடக்கம்.

புதையாமல் நிற்க

புதுப் பனியில் காலணியோடு இறங்கினால் முழங்கால் வரை புதையும். 60 கிலோ எடையுள்ள ஒருவரின் இரு பாதங்களும் தரையைத் தொடும் பரப்பு ஏறக்குறைய 400 சதுர சென்டிமீட்டர். மொத்த எடையும் அந்தச் சிறிய இடத்தில் இறங்குகிறது. 160 செ.மீ. நீளமும் 8 செ.மீ. அகலமும் உள்ள இரண்டு ஸ்கீக்களை மாட்டினால் அந்தப் பரப்பு 2,560 சதுர சென்டிமீட்டராகிறது. அழுத்தம் ஆறில் ஒரு பங்குக்கும் கீழே போய்விடுகிறது. உழுத சேற்றில் பலகை போட்டு நடப்பவர்கள் செய்வதும் இதைத்தான்.

இதை மனிதன் மிகப் பழங்காலத்திலேயே கண்டுகொண்டான். ரஷ்யாவின் வடபகுதியில் கிடைத்த ஸ்கீத் துண்டுகள் சுமார் 8,000 ஆண்டுப் பழமையானவை. ஸ்வீடனில் 1924-ல் கிடைத்த கால்வ்ட்ரெஸ்க் ஸ்கீக்கு 5,000 ஆண்டுக்கு மேல் வயது. வேட்டைக்கும் பயணத்துக்கும் பயன்பட்டவை இவை. 'ஸ்கீ' என்ற சொல்லே பிளந்த மரத்துண்டைக் குறிக்கும் பழைய நார்வேச் சொல்லிலிருந்து வந்தது.

சறுக்க வைப்பது எது?

வாழப்பாடிப் பக்கம் பாக்குத் தோப்புகளுக்கு நடுவே வளர்ந்தவர்களுக்குப் பாக்கு மட்டை வண்டி நினைவிருக்கும். விழுந்த மட்டையில் ஒருவன் உட்கார, இன்னொருவன் ஓலையைப் பிடித்து இழுப்பான். காய்ந்த மண்ணில் நகர மறுக்கும் மட்டை, மழை பெய்து நனைந்த மண்ணில் வழுக்கிக்கொண்டு ஓடும். இடையில் புகுந்த நீர்ப்படலம் செய்யும் வேலை அது.

பனியிலும் அந்தப் படலம்தான் வேலை செய்கிறது. சறுக்குபவரின் எடை அழுத்திப் பனி உருகுகிறது என்று நெடுநாள் நம்பினார்கள். கணக்குப் போட்டால் அது சரிவருவதில்லை. பனியின் உருகுநிலையை ஒரு டிகிரி குறைக்கவே 130 வளிமண்டல அழுத்தம் வேண்டும். ஸ்கீ தருவதோ சராசரியாக ஒரு வளிமண்டலத்தில் நாற்பதில் ஒரு பங்கு. பௌடன், ஹியூஸ் என்ற ஆய்வாளர்கள் 1939-ல் வேறு விளக்கம் தந்தார்கள்: ஸ்கீ ஓடும்போது உண்டாகும் உராய்வு வெப்பமே பனித்துகள்களின் முனையை உருக்கி, கண்ணுக்குத் தெரியாத மெல்லிய நீர்ப்படலத்தை உண்டாக்குகிறது. ஓட்டம்தான் ஓட்டத்தை எளிதாக்குகிறது.

ஸ்கீயின் அடிப்பாகம் பாலிதீன். நம் மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டியும் இதே இனம்தான். ஆனால் ஸ்கீக்குப் பயன்படுவது அதைவிட மிக நீண்ட மூலக்கூறுகளாலான, மெழுகை உறிஞ்சிக்கொள்ளும் வகை. இஸ்திரிப் பெட்டி போன்ற கருவியால் மெழுகை உருக்கித் தேய்த்து, ஆறியதும் சுரண்டி மெருகேற்றுவார்கள். கடுங்குளிருக்குக் கெட்டி மெழுகு, ஈரப்பனிக்கு மென்மெழுகு. நன்றாக மெழுகிட்ட ஸ்கீ 100 மீட்டர் ஓடுவதற்கு 5 மீட்டர் இறக்கமே போதுமானது.

வில்லும் இடுப்பும்

இனி ஸ்பிரிங் பட்டைக்கு வருவோம். ஒரு ஸ்கீயைச் சமதரையில் வைத்துப் பாருங்கள். முன்னும் பின்னும் தரையைத் தொடும், நடுப்பகுதி மட்டும் சற்றே எழும்பி நிற்கும். இரண்டு ஸ்கீக்களை அடியோடு அடி சேர்த்துப் பிடித்தால் நடுவில் ஓர் இடைவெளி தெரியும். லாரிப் பட்டையின் வில்லைத் தலைகீழாகக் கவிழ்த்தது போன்ற அமைப்பு. நடுவில் நாம் ஏறி நின்றதும் அது படுத்துக்கொள்கிறது. எடை காலடியில் மட்டும் குவியாமல் நீளம் முழுக்கப் பரவுகிறது.

மேலிருந்து பார்த்தால் இன்னொரு நுட்பம் தெரியும். நுனியும் வாலும் அகலம், நடுவில் இடுப்பு போலக் குறுகல். இதை வடிவமைத்துப் புகழ்பெற்றவர் நார்வேயின் மோர்கெடால் கிராமத்து சோண்ட்ரே நோர்ஹைம். 1868-ல் தலைநகரில் நடந்த போட்டியில் அவர் வளைந்து நெளிந்து இறங்கியதைப் பார்த்தவர்கள் வியந்துபோனார்கள்.

இடுப்பு எதற்கு? ஸ்கீயைப் பக்கவாட்டில் சாய்த்தால் அகன்ற இரு முனைகளும் முதலில் பனியைத் தொடும், நடுப்பகுதி அந்தரத்தில் நிற்கும். காலால் அழுத்தினால் பட்டை வளைந்து நடுவிளிம்பும் பனியில் பதியும். இப்போது விளிம்பு முழுவதும் ஒரு வட்டத்தின் துண்டு. அந்த வட்டத்தின் வழியே ஸ்கீ தானாகத் திரும்புகிறது. பனியைத் தொடும் நீளம் 150 செ.மீ., இடுப்பின் உட்குழிவு 2 செ.மீ. என்றால் வட்டத்தின் ஆரம் சுமார் 14 மீட்டர். ஸ்டியரிங் இல்லாத இந்த வண்டிக்குத் திருப்பத்தைத் தருவது அதன் வடிவம்தான். 1993-ல் ஸ்லோவேனியாவின் எலான் நிறுவனம் இந்த இடுப்பை இன்னும் ஆழமாக்கியது. அதுவரை கைதேர்ந்தவர்களுக்கே வசப்பட்ட திருப்பம் புதியவர்களுக்கும் கைகூடியது.

இறுகிய பனியில் மர விளிம்பு பிடிக்காது. சால்ஸ்பர்க்கைச் சேர்ந்த ருடால்ஃப் லெட்னர் 1926-ல் எஃகு விளிம்புக்குக் காப்புரிமை பெற்றார். விமான நிறுவனத்தில் வேலை பார்த்த ஹோவர்ட் ஹெட், 1950 வாக்கில் விமான உடலைப் போலவே அலுமினியத் தகடுகளுக்கு நடுவே மரம் வைத்து ஒட்டினார். இன்றைய ஸ்கீயும் மரம், கண்ணாடி இழை, எஃகு, பாலிதீன் என்று அடுக்கடுக்காக ஒட்டியதுதான்.

கட்டும் கழலும்

விரல்பக்கத்தை முதலில் நுழைத்து, குதிகாலால் ஓங்கி மிதித்தால் 'டக்'கென்று ஒரு சத்தம். காலணி ஸ்கீயோடு பூட்டிக்கொண்டுவிட்டது. இந்தப் பூட்டின் அருமை, வேண்டிய நேரத்தில் கழன்றுவிடுவதில் இருக்கிறது. விழும்போது நீளமான ஸ்கீ நெம்புகோலாகி எலும்பை முறித்துவிடும். 1937-ல் அப்படிக் காலை முறித்துக்கொண்ட யால்மர் ஹ்வாம் என்ற வீரர்தான், அளவுமீறி முறுக்கினால் தானே விடுபடும் பூட்டை உருவாக்கினார். எடை, உயரம், வயது, காலணியின் நீளம், பயிற்சி ஆகியவற்றைப் பார்த்தே, எவ்வளவு விசையில் அது கழல வேண்டும் என்ற எண்ணை வைக்கிறார்கள். வாடகைக்கு எடுக்கும்போது எடையைக் குறைத்தோ கூட்டியோ சொல்லாதீர்கள். உங்கள் முழங்கால் அந்த எண்ணை நம்பித்தான் இருக்கிறது.

எங்கே கற்கலாம்?

ஏற்காட்டின் 1,500 மீட்டர் உயரம் நம் அட்சரேகையில் பனி பெய்யப் போதாது. அதனால் வடக்கே போகத்தான் வேண்டும். உத்தரகண்டின் ஜோஷிமட்டுக்கு மேலே, 2,500 முதல் 3,000 மீட்டர் வரை விரியும் சரிவுதான் அவுலி. அங்கே மாநில அரசின் கர்வால் வளர்ச்சிக் கழகம் 7 நாள், 14 நாள் வகுப்புகளை நடத்திவருகிறது. குல்மர்க்கில் மத்திய சுற்றுலா அமைச்சகத்தின் பயிற்சி நிறுவனமும், மணாலியில் மலையேற்றப் பயிற்சி நிலையமும் உண்டு. 2022 பெய்ஜிங் குளிர்கால ஒலிம்பிக்கில் இந்தியாவின் ஒரே வீரராக இறங்கிய ஆரிஃப் கான், குல்மர்க் சரிவுகளில் பழகியவர்.

முதல் நாள் பாடம் பக்கவாட்டில் விழுவதும், சரிவுக்குக் குறுக்கே ஸ்கீயை வைத்து எழுவதும். அடுத்தது நிற்பது: நுனிகளைச் சேர்த்து, வால்களை விரித்து, உள்விளிம்பில் அழுத்த வேண்டும். அதன்பிறகே திருப்பம். நேராக இறங்கினால் வேகம் ஏறிக்கொண்டே போகும். குறுக்கே திரும்பத் திரும்பச் சரிவு குறையும், வேகமும் அடங்கும். கொல்லிமலைச் சாலை 70 கொண்டை ஊசி வளைவுகளோடு இறங்குவதும் இதே காரணத்தால்தான். பனிமலையில் அந்தச் சாலையை ஒவ்வொருவரும் தன் காலாலேயே போட்டுக்கொள்ள வேண்டும். ஏழு நாள் வகுப்பு அதற்குத்தான்.

ஐந்தாம் நாள் மாலை அவுலியிலிருந்து அவள் அழைத்தாள். விழாமல் கீழே வந்தாளாம். வழியில் போட்ட திருப்பங்களை எண்ணியிருக்கிறாள்.

"பதினொண்ணு மாமா. கொல்லிமலைக்கு இன்னும் 59 பாக்கி."