அமரோனே

அமரோனே அல்லது அமரோனே தெல்லா வல்போலிசெல்லா என்பது வடகிழக்கு இத்தாலியின் வெனெட்டோ பகுதியில், வெரோனா நகரை ஒட்டிய வல்போலிசெல்லா நிலப்பகுதியில் விளையும் திராட்சைகளை உலர்த்தித் தயாரிக்கப்படும் அடர்த்தியான சிவப்பு வைன் ஆகும். உலர்ந்த திராட்சையில் செய்யப்படும் வைன்கள் பெரும்பாலும் இனிப்பானவை. அமரோனே அவ்வாறன்றி, இனிப்பு ஏறக்குறைய முழுதும் நீங்கும் வரை நொதிக்க விடப்படுகிறது. கொர்வீனா, கொர்வினோனே, ரொந்தினெல்லா ஆகியவை இதற்கான முதன்மைத் திராட்சை வகைகள்.

உலர்த்தல்

நன்கு பழுத்த, அடிபடாத கொத்துகள் கையால் தேர்ந்து பறிக்கப்படுகின்றன. இவற்றை வெயிலில் காயவைப்பதில்லை. காற்றோட்டமுள்ள பரண்களில், முற்காலத்தில் மூங்கில் தட்டிகளிலும் இன்று பெரும்பாலும் ஆழமற்ற பெட்டிகளிலும், ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல் பரப்புகின்றனர். இம்முறை அப்பாஸ்ஸிமெந்தோ எனப்படுகிறது. ஏறத்தாழ 100 முதல் 120 நாட்களில் பழம் தன் எடையில் மூன்றில் ஒரு பங்கையோ அதற்கு மேலோ இழக்கிறது. நீர் குறையக் குறையச் சர்க்கரையும், தோலிலுள்ள நிறமும் துவர்ப்பும் செறிவடைகின்றன. காற்றில் ஈரம் மிகுந்தால் பூஞ்சை பிடித்து, ஒரு பழத்தின் அழுகல் கொத்து முழுவதற்கும் பரவிவிடும். எனவே பல தயாரிப்பாளர்கள் மின்விசிறிகளையும் ஈரம் நீக்கும் கருவிகளையும் பயன்படுத்துகின்றனர். விதிகளின்படி 100 கிலோ திராட்சையிலிருந்து 40 லிட்டருக்கு மேல் வைன் எடுக்கக்கூடாது. விலை உயர்வாக இருப்பதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

நொதித்தல்

வற்றிய பழங்கள் குளிர்காலத்தில் நசுக்கப்படுகின்றன. குளிரும் மிகுந்த சர்க்கரையும் ஈஸ்ட்டின் வேலையை மெதுவாக்குவதால் நொதித்தல் பல வாரங்கள் நீடிக்கலாம். அதைப் பாதியில் நிறுத்தினால், எஞ்சிய சர்க்கரையுடன் ரெச்சோத்தோ என்னும் இனிப்பு வைன் கிடைக்கும். தொடர விட்டால் அமரோனே. இதன் ஆல்கஹால் அளவு குறைந்தது 14%. 15 அல்லது 16% உள்ள புட்டிகளும் சாதாரணம்.

பெயர்

இத்தாலிய மொழியில் 'அமாரோ' என்றால் கசப்பு, 'அமரோனே' பெருங்கசப்பு. உண்மையில் இது அவ்வளவு கசப்பானதன்று. ரெச்சோத்தோவின் இனிப்புக்குப் பழகிய நாக்குக்கே அப்படித் தோன்றியிருக்க வேண்டும். 1936இல் நெக்ரார் ஊரின் கூட்டுறவு வைன் கூடத்தில், மறந்துபோன ஒரு பீப்பாய் ரெச்சோத்தோ இனிப்பிழந்து கிடந்ததைக் கண்டபோது இப்பெயர் பிறந்ததாகச் சொல்லப்படுகிறது. ஆனால் நொதித்தல் தானாகவே முடிவு வரை செல்வது எந்த வைன் கூடத்திலும் நேரக்கூடியதே. ஆகவே பெயர் அன்று பிறந்திருந்தாலும், அதுவே முதல் அமரோனே என்று கொள்வதற்கில்லை.

அறுவடைக்குப் பின் குறைந்தது இரண்டு ஆண்டுகளும், 'ரிசெர்வா' வகை நான்கு ஆண்டுகளும் முதிர வைக்கப்படுகின்றன. பிழிந்த பின் மிஞ்சும் சக்கையும் வீணாவதில்லை. அதன்மேல் சாதாரண வல்போலிசெல்லா வைனை ஊற்றி மீண்டும் நொதிக்க வைத்து, 'ரிப்பாஸ்ஸோ' என்னும் விலை குறைந்த வைன் தயாரிக்கப்படுகிறது.