மழை பெய்தால்: ஆங்கில நிபந்தனை வாக்கியமும் அஞ்சுநாட்டு உழவரும்

கேரளத்தின் இடுக்கி மாவட்டம், தேவிகுளம் வட்டத்திலுள்ள காந்தலூர், மறையூர் முதலான ஊர்களுடன் சேர்த்து அஞ்சுநாடு என வழங்கப்படுகிறது. மேற்குத் தொடர்ச்சி மலையின் மழை மறைவுப் பகுதியில் அமைந்த இவ்வூரில் வேளாண்மையின் ஒவ்வொரு முடிவும் ஒரு நிபந்தனையிலேயே தொடங்குகிறது: ‘மழை பெய்தால் பூண்டு நடுவோம்.’ காந்தலூர் – வட்டவடைப் பூண்டு புவிசார் குறியீடு பெற்றுள்ளது.

அஞ்சுநாட்டின் பழைய ஊர்களில் பேச்சுமொழி தமிழ். மாநிலத்தின் ஆட்சிமொழி மலையாளம். தமிழ் பேசும் சிறுபான்மையினர் தம் பகுதியில் அரசுடன் தமிழிலேயே கடிதத் தொடர்பு கொள்ளலாம் என 1969ஆம் ஆண்டின் கேரள ஆட்சிமொழிச் சட்டம் இடமளிக்கிறது. ஆயினும் கடன், காப்பீடு, வெளிச்சந்தை ஆகியவை தொடர்பான தாள்களுள் பல ஆங்கிலத்தில் வருகின்றன. அவற்றின் உயிர்நாடி ‘இஃப்’ என்னும் ஒரு சிறு சொல்லாகும்.

மேற்கண்ட வாக்கியத்தை ஆங்கிலத்தில் எழுதச் சொன்னால், மாணவருள் பலர் ‘இஃப் இட் வில் ரெயின், வீ வில் பிளான்ட் கார்லிக்’ என்று எழுதுவர். மழையும் இனிமேல் வருவது, நடவும் இனிமேல் நிகழ்வது. ஆகவே இரண்டிடத்தும் ‘வில்’ வேண்டும் என்பது அவர்கள் கணக்கு. ஆங்கில மரபு இதனை ஏற்பதில்லை. நிபந்தனைப் பகுதியில் நிகழ்கால வினையும், விளைவுப் பகுதியில் மட்டும் ‘வில்’லும் வரவேண்டும்: ‘இஃப் இட் ரெயின்ஸ், வீ வில் பிளான்ட் கார்லிக்.’

இது தமிழருக்குப் புதுமையானதன்று. ‘பெய்தால்’ என்பதில் உள்ள தகர இடைநிலை இறந்தகாலத்திற்கு உரியது. இனி வரப்போகும் மழையைக் குறிக்க, நடந்து முடிந்ததைக் காட்டும் உருவத்தையே தமிழ் கையாளுகிறது. இதற்கு இணையான ‘செயின்’ என்னும் பழைய வாய்பாட்டை நன்னூல் எதிர்கால வினையெச்சங்களுள் வைத்துள்ளது. பொருள் எதிர்காலம், உருவம் வேறு. ‘பெய்வால்’ என்று தமிழில் ஒருபோதும் சொல்லாத மாணவரே ஆங்கிலத்தில் ‘இஃப் இட் வில் ரெயின்’ என்று எழுதுகிறார். தாய்மொழியின் இவ்வியல்பைச் சுட்டிக்காட்டித் தொடங்கும் ஆசிரியருக்குப் பாதி வேலை குறையும்.

ஒரு விலக்கு உண்டு. விருப்பத்தையோ இசைவையோ குறிக்கையில் ‘இஃப்’ பகுதியிலும் ‘வில்’ வரலாம். ‘இஃப் யூ வில் சைன் ஹியர்’ என்னும் பணிவான வேண்டுகோள் அத்தகையது. அங்கு அது காலத்தைக் குறிக்கவில்லை.

உண்மையான இடர்ப்பாடு வேறிடத்தில் உள்ளது. தமிழின் ‘பெய்தால்’ நடக்கக்கூடிய மழைக்கும் பொருந்தும். வெறுங்கற்பனை மழைக்கும் பொருந்தும். ஆங்கிலம் இவ்விரண்டையும் பிரிக்கிறது. ‘ரெயின்ஸ் – வில்’ எனின் நடக்கக்கூடியது. ‘ரெயின்ட் – வுட்’ எனின் நடப்பது அரிது, அல்லது கற்பனை. தாள்கள் சரியாக இருந்தால் கடன் வழங்கப்படும் என்பதை ‘வில்’ கொண்டு எழுதினால் அது உறுதிமொழி. ‘வுட்’ என்பது மரியாதை மிக்கது என்ற எண்ணம் நம் அலுவலகக் கடிதங்களில் ஊறிவிட்டது. அது உறுதிமொழியை ஐயத்துக்கு இடமாக்கி விடுகிறது.

காப்பீட்டில் நிபந்தனைப் பகுதியைச் சரியாகப் படிப்பது இன்னும் இன்றியமையாதது. இந்தியாவில் வானிலைக் குறியீட்டுக் காப்பீடு 2003ஆம் ஆண்டில் அன்றைய ஆந்திரப் பிரதேசத்தின் மகபூப்நகர் மாவட்டத்தில் நிலக்கடலை, ஆமணக்கு உழவரிடையே தொடங்கப்பட்டது. 2016இல் சீரமைக்கப்பட்ட வானிலை அடிப்படைப் பயிர்க் காப்பீட்டுத் திட்டம் கேரளத்திலும் செயற்படுத்தப்பட்டுள்ளது. இதில் ‘இஃப்’ என்பதை அடுத்து நிற்பது பயிர்ச்சேதம் அன்று. குறிப்பிட்ட வானிலை நிலையத்தில் பதிவாகும் மழையோ வெப்பமோ ஆகும். ஒரு மேட்டுக்கு மழை பெய்து அடுத்த சரிவு காய்ந்து கிடக்கும் மலைநாட்டில் இவ்வேறுபாடு பெரிது. வயல் வறண்டும் நிலையத்தின் மழைமானி போதிய அளவைக் காட்டினால் நிபந்தனை நிறைவேறவில்லை, இழப்பீடும் வராது.

சட்டங்களும் இதே அமைப்பையே கையாளுகின்றன. விளைவுப் பகுதியில் ‘வில்’லுக்குப் பதில் கட்டளைப் பொருள் தரும் ‘ஷல்’ வரும். தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005இன்படி, உரிய காலத்துக்குள், அதாவது பொதுவாக 30 நாட்களுக்குள், தகவல் அலுவலர் முடிவு தெரிவிக்கத் தவறினால் கோரிக்கை மறுக்கப்பட்டதாகவே கருதப்படும். அங்கும் ‘ஃபெயில்ஸ்’ என்னும் நிகழ்கால வினையே உள்ளது. மேல்முறையீட்டுக்கான வழி அந்த ஒரு சொல்லிலிருந்து திறக்கிறது.

எஞ்சியது ‘அன்லெஸ்’. அதனுள்ளேயே ‘இல்லாவிட்டால்’ என்னும் எதிர்மறை அடங்கியுள்ளது. ‘அன்லெஸ் யூ பே, த பாலிசி வில் லாப்ஸ்’ எனின், தவணை செலுத்தாவிட்டால் காப்பீடு காலாவதியாகும் என்பது பொருள். பழக்கத்தால் அதனுடன் ‘டோன்ட்’ என்பதையும் சேர்த்து எழுதினால், செலுத்தியவரின் காப்பீடே காலாவதியாகும் என்று பொருள்பட்டுவிடும்.